விளக்கு எரியும் மெஷினா, நல்ல பலகையா? ஏலத்தில் பழைய பின்பால் வாங்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் பேஸ்மென்ட் உள்ள வீடு வாங்கிய நம்மவர்களில் சிலருக்கு ஒரு கட்டத்தில் பின்பால் ஆசை, அதாவது சாய்ந்த பலகையில் உருளும் எஃகுப் பந்தைக் கீழே விழாமல் அடித்து ஆடும் அந்த மெஷின் மேல் ஆசை வந்துவிடுகிறது. கேரம் போர்டு, டேபிள் டென்னிஸ் மேசை, பெரிய டிவி எல்லாம் வந்து சேர்ந்த பிறகும் ஒரு மூலை காலியாக இருக்கும். புது மெஷினின் விலையைப் பார்த்ததும் ஆசை கொஞ்சம் அடங்கும். பின்பால் செய்யும் ஸ்டெர்ன் கம்பெனியின் வழக்கமான மாடல்களில் விலை குறைந்த ரகமே சுமார் 7,000 டாலர். அடுத்து எல்லோரும் போய் நிற்பது உள்ளூர் ஏலத்தில். அங்கே ஒன்று 900 டாலருக்குப் போனதாம், இன்னொன்று 1,500-க்குப் போனதாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

போயிருக்கும், பொய்யில்லை. அந்த 900 டாலர் மெஷின் வீட்டுக்கு வந்து ஓடத் தொடங்குவதற்குள் எவ்வளவு ஆனது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

நான் இருக்கும் சிகாகோ பக்கம் இந்த மெஷின்கள் அதிகம் புழங்குவதற்குக் காரணம் உண்டு. காட்லீப், பாலி, வில்லியம்ஸ், ஸ்டெர்ன் என்று பெயர் வாங்கிய கம்பெனிகள் எல்லாம் இந்த ஊரிலும் இதைச் சுற்றியும்தான் தொழில் செய்தன. ஃப்ளிப்பர், அதாவது பந்தை அடித்து மேலே அனுப்பும் குட்டி மட்டை வைத்த முதல் மெஷினான ஹம்ப்டி டம்ப்டியை 1947-ல் காட்லீப் வெளியிட்டது. சூதாட்டம் என்று சொல்லி இதே சிகாகோவுக்குள் பின்பால் வைக்க வெகுகாலம் தடை இருந்தது தனிக் கூத்து. நியூயார்க்கிலும் 1942-லிருந்து 1976 வரை தடைதான்.

சரி, வாங்கும் வழிகளுக்கு வருவோம். ஏலம் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதில் இரண்டு ரகம் இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

முதல் ரகம், காசு போட்டு ஆடும் மெஷின்களுக்கென்றே நடக்கும் ஏலம். பெரிய கூடத்தில் பின்பால், வீடியோ கேம், ஜூக்பாக்ஸ் என்று வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். கொண்டுவந்து விற்பவர்கள் பெரும்பாலும் பார்களிலும் பௌலிங் கூடங்களிலும் மெஷின் வைத்துக் காசு பிரிக்கும் ஆப்பரேட்டர்கள், வியாபாரிகள், இடம் போதாத சேகரிப்பாளர்கள். இங்கே உங்கள் பக்கத்தில் எண் அட்டையோடு நிற்கிறவருக்கு மெஷின்களின் ஜாதகமே தெரியும். அதனால் நல்ல மெஷின் மலிவாகப் போகாது. மலிவாகப் போனால் நீங்கள் பார்க்காத எதையோ அவர் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். நல்ல நிலையில் உள்ள மெஷினை வைத்திருப்பவருக்கு ஏலத்துக்கு வரவேண்டிய அவசியமும் அவ்வளவாக இல்லை. நண்பர்கள் வட்டத்திலேயே விற்றுப்போகும். ஏலத்துக்கு வருவதில் கணிசமான பங்கு, சரிசெய்ய அலுத்துப்போய்த் தள்ளிவிடுகிற சரக்கு. விலை படியாவிட்டால் சொந்தக்காரரே ஏலம் கேட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே கடைசி வரை உங்களோடு போட்டி போடுகிறவர் வாங்க வந்தவர்தானா என்பதே சில சமயம் சந்தேகம்.

இரண்டாவது ரகம், மூடிய பாரின் சாமான்கள், இறந்துபோன ஒருவரின் வீட்டுச் சாமான்கள் என்று மொத்தமாக விற்கிற ஏலம். ஏலக்காரருக்கு டிராக்டர் தெரியும், மரச்சாமான் தெரியும், பின்பால் தெரியாது. சாவி தொலைந்திருக்கும். கராஜில் பல வருஷமாக பிளக்கில் சொருகாமலே கிடந்திருக்கும். உள்ளே எலி குடித்தனம் நடத்தியிருக்கலாம். உண்மையான மலிவு கிடைக்கிற இடமும் இதுதான், ஏமாறுகிற இடமும் இதுதான்.

ஏலத்தை விட்டால் தனியாரிடம் நேரே வாங்கலாம். சேகரிப்பாளர் வீட்டுக்குப் போய், அரை மணி நேரம் ஆடிப் பார்த்து, கண்ணாடியைத் திறக்கச் சொல்லி, எப்போது என்ன மாற்றினீர்கள் என்று கேட்டு வாங்கலாம். அவர்களில் பாதிப் பேர் பழுது பார்த்த விவரத்தை நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள், கேட்டால் சந்தோஷமாகக் காட்டுவார்கள். புதுப்பித்து விற்கும் வியாபாரியும் இருக்கிறார். விலை நன்றாகவே கூடும், ஆனால் சில மாத உத்தரவாதம் உண்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியும் கொடுப்பார். ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே விருப்பமில்லாதவர்களுக்கு அதுதான் சரி. அவர்கள் இதற்கு மேல் படிக்கவும் வேண்டாம்.

இப்போது கணக்கு. ஏலத்தில் 2,400 டாலருக்கு ஒரு மெஷின் உங்கள் பேரில் முடிகிறது என்று வையுங்கள். வாங்குபவரிடம் பிடிக்கும் கமிஷன் 15 சதவீதம் என்றால் 360 டாலர். கமிஷன் ஏலத்துக்கு ஏலம் மாறும், அட்டை வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஆக 2,760. இதன்மேல் 8 சதவீதம் விற்பனை வரி போட்டால் சுமார் 2,981 டாலர் ஆகிவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு குறைந்தபட்சம் ரப்பர் வளையங்கள் முழு செட், ஃப்ளிப்பர்களுக்குத் தேய்ந்த பாகங்கள், பல்புகள், புதுப் பந்துகள். நாமே மாற்றினால் 150 டாலருக்குள் முடியும். ஆளைக் கூப்பிட்டால் மணிக்கணக்கில் கூலி. அதே மெஷின் ஒரு சேகரிப்பாளர் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டு 3,000-க்கு இருந்தால் ஏலத்தில் நீங்கள் மிச்சம் பிடித்தது ஒன்றுமே இல்லை. ஏலச் சரக்கு வாங்கிய பிறகு திருப்பிக் கொடுக்க முடியாதது வேறு.

அதனால் என் கட்சி இது: முதல் மெஷினைத் தனியாரிடம் வாங்குங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அதில் பழகிய பிறகு இரண்டாவதுக்கு ஏலம் போங்கள். இல்லை, முதலுக்கே ஏலம்தான் என்று பிடிவாதமாக இருந்தால், பெரும்பாலோர் பார்க்கும் இடத்தைப் பார்க்காதீர்கள். எல்லோரும் பார்ப்பது மெஷின் எரிகிறதா, ஓடுகிறதா என்று. பார்க்க வேண்டியது பிளேஃபீல்டை, அதாவது பந்து ஓடும் அந்த ஓவியப் பலகையை.

ஒருமுறை நண்பர் ஒருவரோடு போயிருந்தபோது 1980-ஐ ஒட்டிய பாலி மெஷின்கள் இரண்டு அடுத்தடுத்து நின்றன. ஒன்று ஜெகஜ்ஜோதியாக எரிகிறது, சத்தம் போடுகிறது. மற்றது செத்துக் கிடக்கிறது, ஒரு விளக்குகூட இல்லை.

“அண்ணே, இது நல்லா ஓடுது. அது வெறும் பெட்டி. இதையே எடுத்துடலாமே?” என்றார்.

“தம்பி, முதல்ல டார்ச்சை அடிங்க” என்றேன்.

எரிகிற மெஷினில் ஃப்ளிப்பர்களுக்கு மேலே, பந்து திரும்பத் திரும்ப ஓடும் தடத்தில், பெயின்ட் போய்ச் சாம்பல் நிறத்தில் மரம் தெரிந்தது. விளக்குகளின் மேல் பதித்திருக்கும் பிளாஸ்டிக் வில்லைகள் குழி விழுந்திருந்தன. கையால் தடவினாலே தட்டுப்பட்டது. பந்து அந்தக் குழியில் இறங்கி ஏறித் திசை மாறும். யாரோ கறுப்பு மார்க்கரால் ஓவியத்தின் கோடுகளைத் திரும்ப வரைந்துவிட்டிருந்தார்கள். செத்துக் கிடந்ததில் ரப்பர் எல்லாம் அறுந்து தொங்கியது. பந்தை உதைக்கும் மின்காந்தச் சுருள்களான காயில்களிலிருந்து வரும் கறுப்புத் தூள் பலகை முழுக்க அப்பியிருந்தது. காசுக் கதவு திறந்தே இருந்ததால், ஆளைக் கேட்டுவிட்டு, உள்ளே இருக்கும் நெம்புகோலைத் தள்ளி முன்பட்டையை எடுத்து, கண்ணாடியைக் கீழ்ப்பக்கமாக உருவினோம். ஒரு மூலையில் ஈரத் துணியால் துடைத்ததும் கீழே சிவப்பும் மஞ்சளும் அப்படியே இருந்தன. அழுக்கே அதற்குக் காவலாக இருந்திருக்கிறது. ரொம்பக் காலத்துக்கு முன்பே பழுதாகி நின்றுவிட்டதால் யாரும் ஆடித் தேய்க்கவில்லை.

நண்பர் செத்ததைத்தான் எடுத்தார். எரிந்தது அதைவிட நல்ல விலைக்குப் போனது.

காரணம் இதுதான். பழைய காரில் எஞ்சினைப் பார்த்து வாங்கு என்பார்கள், இங்கே அது தலைகீழ். அந்தக் காலத்துப் பாலி மெஷினின் மூளையான எலக்ட்ரானிக் போர்டை இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். இருநூறு சொச்சம் டாலர் கொடுத்து, பழையதைக் கழற்றிப் புதியதில் அதே ஒயர்களைச் சொருகினால் வேலை முடிந்தது. காயில், ஸ்விட்ச், டிஸ்ப்ளே எல்லாம் கிடைக்கிறது. தேய்ந்த ஓவியம் மட்டும் கிடைக்காது. புகழ்பெற்ற சில மெஷின்களுக்கு மட்டும் புதுப் பலகை அச்சடித்து விற்கிறார்கள். பலகையின் விலையே ஆயிரம் டாலரை ஒட்டி வரும். அதை மாற்றுவதென்றால் மேலும் கீழும் உள்ள நூற்றுக்கணக்கான பாகங்களைக் கழற்றி, ஒயர்க் கொத்தைப் பெயர்த்து, மறுபடி மாட்ட வேண்டும். வார இறுதிகளில் மட்டும் நேரம் கிடைப்பவருக்கு ஒரு குளிர்காலமே போய்விடும். மெஷினின் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் தலைப் பெட்டியில் இருக்கும் ஓவியக் கண்ணாடிக்கும் இதே நியாயம்தான். பழையவற்றில் கண்ணாடியின் பின்புறத்திலேயே பெயின்ட் அடித்திருப்பார்கள். ஈரமும் சூடும் பட்டுச் செதில் செதிலாக உதிர்ந்திருந்தால் அதை ஒட்டவைக்க வழியில்லை.

அதற்காகச் செத்ததெல்லாம் நல்லது என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. செத்தும் முழுசாக இருக்க வேண்டும். தலைப் பெட்டியைத் திறந்து பார்த்தால் போர்டுகள் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா, ஒயர்களை யாராவது வெட்டி முறுக்கி வைத்திருக்கிறார்களா என்று தெரியும். ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸுக்குப் பதில் அலுமினியத் தாளைச் சுற்றி வைத்திருக்கும் மகானுபாவர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் மற்ற இடங்களிலும் அவர் கைவரிசை இருக்கும், நகர்ந்துவிடுங்கள். பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பாருங்கள். எலி மூத்திர வாடை மரத்தில் ஊறிவிட்டால் வீட்டுக்குள் வைக்க முடியாது. அடிமரம் உப்பியிருந்தால் வெள்ளத்தில் நின்றது என்று பொருள்.

எல்லாவற்றுக்கும் மேலே பேட்டரி. 1977-க்குப் பின் வந்த பெரும்பாலான மெஷின்கள் ஸ்கோரையும் கணக்கையும் நினைவில் வைக்கப் போர்டிலேயே பேட்டரி வைத்திருக்கும். பழைய பாலியிலும் காட்லீபிலும் போர்டில் பற்றவைத்த நிக்கல் காட்மியம் பேட்டரி. தொண்ணூறுகளின் வில்லியம்ஸில் சாதாரண டபுள் ஏ மூன்று. கவனிக்காமல் விட்டால் இரண்டுமே கசியும், கசிந்து போர்டின் செம்பைத் தின்னும். பேட்டரிக்குக் கீழே பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் அந்தப் போர்டின் விலையை அங்கேயே கழித்துக்கொள்ள வேண்டும். கீழே உள்ள கனெக்டர்களுக்கும் அரிப்பு இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் கழிக்க வேண்டும்.

பழைய பாலி போர்டில் ஒரு சின்ன சிவப்பு எல்.இ.டி. உண்டு. பவர் போட்டதும் ஒருமுறை லேசாகத் துடித்து, பிறகு ஏழு தடவை மின்னினால் போர்டு தன்னைத்தானே சோதித்துத் தேறிவிட்டது என்று அர்த்தம். நான்கில் நின்றால் ஒரு கோளாறு, ஐந்தில் நின்றால் வேறொன்று. செத்த மெஷின் என்று சீட்டு ஒட்டியிருக்கும் ஒன்றில் ஏழும் மின்னினால் சந்தோஷத்தை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் தள்ளி நின்று ஏலத்துக்குக் காத்திருங்கள்.

எந்தக் காலத்து மெஷின் என்பது அடுத்த தேர்வு. 1977-க்கு முந்தியவை ரிலே என்ற மின்காந்த ஸ்விட்ச்சும் மோட்டாரும் எண் சுழலும் சக்கரமும் வைத்து ஓடுபவை. மணியோசை அசல் மணியிலிருந்தே வரும். கம்ப்யூட்டர் கிடையாது, பேட்டரி கிடையாது, அதனால் கசிவும் கிடையாது. ஏலத்தில் இவைதான் அநேகமாக மலிவு. கோளாறில் பெரும்பங்கு, அழுக்கேறிய ஸ்விட்ச் முனைகளும் கிரீஸ் இறுகிப்போன சக்கரங்களும்தான். ஒயரிங் வரைபடத்தை விரித்து வைத்து ஒவ்வொன்றாகத் தேடும் பொறுமை உள்ளவருக்கு இதைவிடச் சுகமான வேலை இல்லை. குழந்தைகளுக்கு மட்டும் சீக்கிரம் அலுத்துவிடும். பேசாது, பாடாது, திரை இல்லை.

1977 முதல் 1985 வரையிலான பாலி, வில்லியம்ஸ், ஸ்டெர்ன்தான் ஏலத்துக்கென்றே பிறந்தவை என்பேன். மாற்றுப் போர்டு கிடைக்கிறது, வேகமாக ஆடுகிறது, விலை இன்னும் கைக்கு எட்டுகிறது. அதே காலத்துக் காட்லீப் இன்னும் மலிவாகப் போவதைப் பார்த்துப் பாய வேண்டாம். அவற்றின் ஆரம்பகாலப் போர்டுகளில் உள்ள சில சில்லுகளை இன்று யாரும் செய்வதில்லை. மாற்றுப் போர்டு இருக்கிறது, அதன் விலையையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு கரைந்துவிடும். 1986-ல் வந்த ஹை ஸ்பீட், பின்பாட் போன்ற வில்லியம்ஸ் மெஷின்கள் அடுத்த படி. இசையும் பேச்சும் வேண்டும், தொண்ணூறுகளின் விலை வேண்டாம் என்கிறவர்கள் அங்கே நிற்கலாம்.

தொண்ணூறுகள்தான் எல்லோருக்கும் ஆசை. 1992-ல் வந்த ஆடம்ஸ் ஃபேமிலி 20,270 மெஷின்கள் செய்யப்பட்டது. கம்ப்யூட்டர் வந்த பின் இவ்வளவு விற்ற பின்பால் வேறில்லை. அத்தனை இருந்தும் விலை இறங்கவில்லை. 1997-ன் மெடீவல் மேட்னஸ் 4,016-தான், விலையைச் சொல்லவே வேண்டாம். அதைச் சிகாகோ கேமிங் கம்பெனி மறுபடி புதிதாகவே செய்து விற்றது. பழையதைக் கேட்கும் முன் அந்தப் புதுப் பிரதியின் விலையையும் பாருங்கள். இந்தக் காலத்து மெஷினை ஏலத்தில் எடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. தொகை பெரிது, கூடத்தில் உள்ள அத்தனை பேருக்கும் சந்தை விலை தெரியும், பொம்மைகளும் பிளாஸ்டிக் பாதைகளும் உடைந்திருக்க நிறைய இடம் இருக்கிறது. எடுத்தே தீருவேன் என்றால் பவர் போட்டுப் பாருங்கள், இங்கே எரிவதற்கு மதிப்புண்டு. வில்லியம்ஸ், பாலி மெஷின்களின் திரையில் கிரெடிட் எண்ணுக்கு, அதாவது எத்தனை ஆட்டம் பாக்கி என்று காட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தால் மெஷினே தன் கோளாறை ஒப்புக்கொள்கிறது. கதவுக்குள் இருக்கும் பட்டன்களை அழுத்தினால் எந்த ஸ்விட்ச் என்று பட்டியல் போடும். புள்ளி இல்லை என்பதற்காக நம்பிவிடவும் வேண்டாம், காலையில்தான் யாராவது நினைவை அழித்திருக்கலாம். இரண்டு ஃப்ளிப்பரையும் சேர்த்து அடிக்கும்போது மெஷின் அணைந்து மறுபடி தொடங்கினால் மின்சாரப் பகுதியில் பலவீனம். கூடத்தில் ஒரே ஒயரில் பத்து மெஷின் சொருகியிருந்தால் அங்கே வோல்டேஜ் குறைந்தும் அப்படி ஆகும். வேறு பிளக்கில் மாற்றிப் பார்க்கக் கேளுங்கள்.

புதுக் காலத்து ஸ்டெர்ன் மெஷின்களை ஏலத்தில் தேட வேண்டாம். வீட்டில் மட்டும் ஆடியது என்று சொல்லி விற்பவர்கள் நிறைய, அவர்களிடம் எடுப்பதே மேல்.

எடுத்தாயிற்று என்றால் அன்றைக்கே அல்லது சொன்ன தேதிக்குள் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் வாடகை போடுவார்கள். மெஷின் 250 முதல் 300 பவுண்டு வரும். முதலில் பந்துகளை வெளியே எடுத்துவிடுங்கள். பெட்டியைச் செங்குத்தாக நிமிர்த்தும்போது உள்ளே உருண்டு பலகையை இடித்துவிடும். தலையை மடக்கி அல்லது கழற்றி, நான்கு கால்களின் எட்டு போல்ட்டுகளையும் எடுத்தால், நம்மவர்கள் வீட்டு வாசலில் எப்படியும் நிற்கிற சியன்னா, ஒடிசி மாதிரி மினிவேனில் பின்சீட்டை மடக்கி ஏற்றிவிடலாம். பேஸ்மென்ட் படிக்கட்டுக்கு ஃபிரிட்ஜ் ஏற்றும் தள்ளுவண்டியும் இரண்டு பேரும் வேண்டும். கீழே நிற்பவர் வலுவான ஆளாக இருக்கட்டும்.

இப்போது நிறைய ஏலங்கள் ஆன்லைனிலேயே நடக்கின்றன. மெஷினை முன்பக்கமாக நின்று எடுத்த நாலு படத்தைப் போட்டு, இருக்கிற நிலையில் விற்கப்படும் என்று எழுதிவிடுவார்கள். முன்கூட்டிப் பார்க்க ஒரு நாள் கொடுத்திருந்தால் கட்டாயம் போங்கள். போக முடியாவிட்டால் ஏல நிறுவனத்துக்கு எழுதி இரண்டே இரண்டு படம் கேளுங்கள்: ஃப்ளிப்பர்களைச் சுற்றியுள்ள பலகை கண்ணாடி இல்லாமல் ஒன்று, தலைப் பெட்டிக்குள் பேட்டரி இருக்கும் இடம் ஒன்று. கேட்டால் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அனுப்ப மாட்டேன் என்றால் இரண்டுமே கெட்டிருக்கின்றன என்று வைத்து, அதற்குத் தகுந்த தொகையை மட்டும் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.